சூரியகாந்தி விரிந்த வியாழக்கிழமை

"மூன்றாவது வியாழன். ஹார்ட் டொக்டர். காலமை பத்தரை." நவம்பர் மாதத் தாளில், நீல மையில், அக்காவின் கையெழுத்து. அதே கட்டத்துக்குள், கொஞ்சம் கீழே, கறுப்புப் பேனையால் ஒரேயொரு சொல்: "கான்சல்." அதன் பக்கத்தில் ஒரு சிறு வட்டம். வட்டத்துக்குள் ஆரக்கால்கள் போலக் கோடுகள். கோடுகளுக்கு இடையே ஒன்று விட்டு ஒன்று மஞ்சள் தீட்டியிருக்கிறது. அது அத்தானின் கை. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் கொடுத்த கலண்டர் அது. ரொறன்ரோவின் பார்க்டேலில், அக்கா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இன்னமும் நவம்பரிலேயே தொங்குகிறது. குடும்பத்தில் நடந்தவற்றை நாள், கிழமை தவறாமல் எழுதி வைப்பது என் பழக்கம். பிறந்தவை, இறந்தவை, வீடு மாறியவை எல்லாம் என்னிடம் இருக்கின்றன. இந்த ஒரு கட்டத்தை மட்டும் எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அத்தான் இங்கிலாந்தில் பயணிகள் ரயில் ஓட்டியவர். தெற்கு லண்டனிலிருந்து கடற்கரை ஊர்களுக்குப் போய்வரும் வண்டிகள். ஓய்வு பெற்ற பிறகு, மகள் ரொறன்ரோவில் இருந்தபடியால் அக்காவோடு இங்கே வந்துவிட்டார். வீடு தேடியபோது, இரைச்சல் அதிகம் என்று மகள் வேண்டாமென்ற அப்பார்ட்மென்டைத்தான் அவர் கேட்டு எடுத்தார். பல்கனிக்குக் கீழே தண்டவாளங்கள், அவற்றை ஒட்டி நெடுஞ்சாலை, அப்பால் ஏரி. "இனி ஓட்டத் தேவையில்லைத் தம்பி, பாத்தாக் காணும்" என்றார்.

நான் முதலில் கவனித்தது ஒரு ரயில் பயணத்தில். ஏரிக்கரையோரமாக மேற்கே போகும் பச்சை வண்டியின் மேல்தட்டில் இருந்தோம். அவர் பேசிக்கொண்டே வந்தார். இடையிலே அவருடைய உள்ளங்கை யன்னல் விளிம்பை ஒருமுறை அழுத்தியது. கொஞ்சத் தூரம் போனதும் மீண்டும். பேச்சு நிற்கவில்லை. கண் வெளியே பார்த்தபடியே இருந்தது.

"என்னத்தான், தாளம் போடுறியள்?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். பக்கத்து இருக்கைக்காரர் தவறுதலாக அங்கே வைத்துவிட்ட கையைப் பார்ப்பது போலிருந்தது. "நான் போடேல்லையே" என்றார்.

அதன் விளக்கம் சாப்பாட்டு மேசையில்தான் கிடைத்தது. மைக்ரோவேவ் அலறியது. அத்தானின் கை பட்டென்று மேசையை அமத்தியது. மகள் சிரித்துவிட்டாள். "ரிலாக்ஸ் டாட், அது புட்டு சூடாகின சத்தம்!"

"சிரி, சிரி" என்றார் அவர். "உந்தச் சத்தத்தை விட்டிருந்தா உனக்குச் சாப்பாடு வந்திராது." பிறகு எனக்குச் சொன்னார். "சிக்னல் பச்சையெண்டா சாரதி இருக்கிற பெட்டிக்குள்ள மணி அடிக்கும். இல்லையெண்டா ஹோர்ன் கத்தும். கத்தினவுடன பொத்தானை அமத்தவேணும். அமத்தாட்டி வண்டி தானா பிரேக் பிடிச்சு நிண்டிடும். அமத்துறதைத்தான் நாங்கள் கான்சல் பண்ணுறது எண்டு சொல்லுறது."

"கான்சல் பண்ணினா ஆபத்துப் போயிடுமோ?" என்று கேட்டாள் அக்கா.

"அது எங்கயப்பா போறது? முன்னுக்கு அப்பிடியேதான் நிக்கும். சத்தம் மட்டும்தான் போகும்."

பொத்தானை அமத்தியதும் சாரதியின் முன்னாலுள்ள கறுப்பு வட்டமொன்று கறுப்பும் மஞ்சளுமாக விரியுமாம். அதைச் சாரதிகள் சூரியகாந்தி என்பார்களாம். "எச்சரிக்கையைக் கேட்டிட்டாய், இனி உன்ர பொறுப்பு எண்டு அந்தப் பூ பாத்துக்கொண்டே இருக்கும்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். புட்டைப் பிசைந்தபடியே இன்னொன்றும் சொன்னார். "காலமை வேளையில ஒண்டுக்குப் பின்னால ஒண்டா மஞ்சள் சிக்னல் வரும். கொஞ்ச வருசத்தில கை தானா அமத்தப் பழகிடும். தலைக்குத் தெரியாது. திடீரெண்டு பாத்தா பூ விரிஞ்சிருக்கும். இதை ஆர் அமத்தினது எண்டு யோசிப்பன். பெட்டிக்குள்ள நான் ஒராள்தான்."

மகள் அப்போது சிரிக்கவில்லை.

மத்தியானத் தூக்கத்தில் அவர் அந்தச் சொல்லைச் சொல்வதுண்டு. சோபாவில் பல்கனிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, மிகத் தெளிவாக, உத்தியோகக் குரலில்: "கான்சல் பண்ணிட்டன்." முதல்முறை கேட்டபோது அக்கா பதறிப்போனாள். அவர்கள் ஊருக்குப் போக விமானச் சீட்டு எடுத்திருந்த நேரம் அது. உடனே சீட்டு எடுத்துத் தந்தவருக்குப் போன் போட்டு, "இவர் கேட்டாரெண்டு ஏன் கான்சல் பண்ணினனீங்கள்?" என்று சண்டைக்குப் போனாள். அவருக்கோ ஒன்றும் விளங்கவில்லை. சீட்டுகள் பத்திரமாக இருந்தன. அத்தான் எழும்பி வந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நான் ரயிலுக்குச் சொன்னன், நீர் பிளேனைப் பிடிச்சிட்டீர்." அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் நம்புவதில்லை. அவர் சொன்னால், "பூ விரிஞ்சிட்டுதோ?" என்று அக்கா கேட்பாள். அது அவர்களுக்குள்ளே ஒரு விளையாட்டாகிவிட்டது.

போன இலையுதிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் இறுக்கம் வரத் தொடங்கியது. படியேறினால் நிற்பார். ஏனென்று கேட்டால், "சிக்னலுக்கு நிக்கிறன்" என்பார். அக்கா விடவில்லை. குடும்ப மருத்துவரிடம் அழுத்திச் சொல்லி இதய நிபுணரிடம் நாள் வாங்கினாள். அதுதான் அந்த வியாழக்கிழமை.

அதற்கு முந்திய திங்கட்கிழமை அக்கா குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: "இஞ்சாரும், கான்சல் பண்ணிட்டன்." அக்கா திரும்பவில்லை. "ஓமோம், பூ விரிஞ்சிட்டுதோ?" என்றாள். அவர் பதில் சொன்னாரா, சிரித்தாரா, கண் திறந்திருந்ததா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் சொல்கிறபோது அவர் ஒருநாளும் "இஞ்சாரும்" என்று கூப்பிட்டதில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இப்போது அதிலும் அவளுக்குச் சந்தேகம். அந்தச் சொல்லைத் தானே பிறகு சேர்த்துக்கொண்டேனோ என்கிறாள்.

அந்த வியாழனுக்கு முதல்நாள், புதன்கிழமை பின்னேரம், அக்காவின் போன் வந்தது. நான் இருக்கும் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்புலன்ஸ்காரர்கள் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தார்கள். அத்தான் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே சரிந்தாராம். வலக்கை மேசையின் மேலே மல்லாந்து கிடந்ததாம். "அவர் அமத்தேல்லையடா" என்றாள் அக்கா. அப்போது எனக்கு அது விளங்கவில்லை. மூச்சுக்காகப் பல்கனிக்குப் போனேன். கீழே, நிலையம் எதுவுமில்லாத இடத்தில், ஒரு பச்சை ரயில் நின்றுகொண்டிருந்தது. மேல்தட்டில் ஆட்கள் குனிந்து தங்கள் போன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"அவர் சரிஞ்ச நேரத்திலயிருந்து நிக்குது தம்பி."

வண்டிகள் அவ்விடத்தில் முன்னாலுள்ள சிக்னலுக்காக நிற்பது வழக்கம்தான். அன்றிரவே அதைக் குறித்து வைத்தேன். ஆனால் அந்த ரயில் எப்போது நகர்ந்தது என்று என் குறிப்பில் இல்லை. நான் மறுபடி பார்த்தபோது தண்டவாளம் வெறுமையாக இருந்தது.

கலண்டரிலிருந்த கறுப்பு எழுத்தைச் செத்தவீடு முடிந்த பிறகே அக்கா கண்டாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். குரல் அமைதியாகத்தான் இருந்தது. "சொல்லு தம்பி, நீதானே எல்லாம் எழுதிறனீ. டொக்டரிட்டப் போகமாட்டன் எண்டு தானே முடிவெடுத்து, போன் பண்ணிக் கான்சல் பண்ணினவரோ? இல்லாட்டி, எச்சரிக்கையைக் கேட்டிட்டன், வாறன் எண்டு பூவைக் கீறினவரோ? எனக்கு அது தெரியவேணும். அவர் என்னோட இருக்க நினைச்சவரோ, போக நினைச்சவரோ?"

"பிளீஸ் அம்மா, லெட் இட் கோ" என்று மகள் அழுதாள். அக்கா விடவில்லை. நானும் அவளும் அந்த மருத்துவ அலுவலகத்துக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். அந்த வியாழனில் அத்தானின் பெயர் இல்லை என்றார். நோயாளி ரத்துச் செய்தாரா, தாங்களே நாளை மாற்றினார்களா, முதலிலேயே பதியப்படாமல் போனதா என்பதைப் பார்க்க இப்போது வழியில்லை என்றார். அத்தானின் போனைப் பார்க்கலாமென்றால், அதைத் திறக்கும் இலக்கம் எங்கள் யாருக்கும் தெரியாது. ஸ்ரீற்கார் ஏறித் திரும்பி வந்தோம். நான் மூன்றாவது விளக்கமொன்றை நினைத்துக்கொண்டு, சொல்லாமல் வந்தேன். தலைக்குத் தெரியாமல் கை அமத்தியிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பேத்தி பள்ளிக்கூடத்தில் செய்த குறும்பொன்றை அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். இடையிலே அவளுடைய வலது உள்ளங்கை மேசையை ஒருமுறை அமத்திவிட்டுத் திரும்பியது. பேச்சு நிற்கவில்லை. மைக்ரோவேவ் ஓடவில்லை, போன் அடிக்கவில்லை.

"என்னக்கா?" என்றேன்.

"என்ன என்னக்கா?"

"கையால அமத்தினீங்கள்."

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னை. "ஏன், உனக்குக் கேக்கேல்லையோ?"

அவளுக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நவம்பர் மாதம் தொங்கியது. மஞ்சளும் கறுப்புமான அந்தச் சிறு பூவை இருந்த இடத்திலிருந்தே என்னால் பார்க்க முடிந்தது. என் குறிப்பில் அந்தக் கட்டத்துக்கு எதிரே இவ்வளவும்தான் எழுதியிருக்கிறேன்: வியாழக்கிழமைச் சந்திப்பு ரத்தானதா, ஆனதென்றால் ரத்துச் செய்தது யார் என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.