மூன்று வள்ளப் படங்கள்

1. பசை

படங்களின் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்ததை நான் பார்த்தேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். பார்க்கவில்லை என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னது பொய்.

மட்டாஞ்சேரியில் ஒரு பிரேம் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கைவேகத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் வேறு. கடைக்கு வருவது பெரும்பாலும் சாமி படம், மக்கா மதீனா படம், காலண்டர் படம். கொச்சியின் ஈரக்காற்றுக்குக் காகிதம் அலை அலையாக எழும்பிவிடும். அதனால் படத்தின் பின்பக்கம் முழுக்க மைதா பசை தடவி, ஹார்ட்போர்டில் ஒட்டி, பாரம் ஏற்றிக் காயவைத்துத்தான் கண்ணாடி போடுவோம். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பேன். பத்து மழைக்காலம் போனாலும் நான் ஒட்டிய படம் சுருங்காது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா வந்தது. பழைய அலமாரியைக் காலி செய்தபோது, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அங்கே படித்த பிள்ளைகள் வரைந்த படங்கள் ஒரு கட்டு கிடைத்திருக்கிறது. அவற்றைப் பள்ளி ஹாலில் ஊர்க்காரர்கள் பார்க்கும்படி மாட்டிவைக்கலாம் என்று ஹெட்மாஸ்டர் முடிவு செய்தார். நாற்பது படம், ஒரு வாரத்தில் வேண்டும் என்றார்.

போர்க்காலத்தில் காகிதத்துக்குப் பஞ்சம். பக்கத்திலிருந்த கொச்சங்காடியின் மசாலாச் சரக்கு குடோன்களில் கழித்துப்போட்ட மிளகு, சுக்கு பில்களின் வெற்றுப் பக்கத்தில்தான் பிள்ளைகள் வரைந்திருந்தார்கள். பின்பக்கம் அச்சடித்த கட்டங்கள், குமாஸ்தாவின் இங்க் எழுத்து, அதற்கு நடுவே பென்சிலில் என்னவோ. குடோன் கிறுக்கல் என்று விட்டுவிட்டேன். நின்று படித்திருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். நாற்பதையும் இரண்டே நாளில் ஒட்டி முடித்தேன்.

2. கேள்வி

படங்களைக் கொண்டுபோய் மாட்டியதும் ஹெட்மாஸ்டர் என் வேலையைப் பாராட்டினார். பிறகு ஒவ்வொரு பிரேமாகக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பின்னாடி பிள்ளைங்க பேரு இருக்கும்னு நினைச்சேனே. நீ ஒண்ணும் கண்டில்லையா?"

"பழைய பில்லுதான் சார். வேற ஒண்ணும் இல்ல."

அவர் கேட்ட அந்த நொடியில்தான் பென்சில் எழுத்து என்னவென்று எனக்கு உறைத்தது. ஆனாலும் வாய் அப்படித்தான் சொன்னது. முதலாளி காதுக்குப் போனால் என் பேர் கெட்டுவிடும் என்ற பயம். அவரும் நம்பிவிட்டார்.

3. பீமா அக்கா

ஒரு வாரம் நடந்த கண்காட்சியின் இரண்டாம் நாள், ஒரு கொக்கி தளர்ந்துவிட்டது என்று கூப்பிட்டு அனுப்பினார்கள். போனபோது நாற்பது வயது தாண்டிய ஒரு அம்மா வள்ளப் படங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கால டிராயிங் மாஸ்டர் படகுத்துறையை வரையச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. ஒரே மாதிரி மூன்று வள்ளங்கள், பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தேன்.

அவர் பெயர் பீமா. கொச்சங்காடி குடோனில் சுக்கு புடைக்கும் வேலை. அவருடைய அண்ணன் காதர் இந்தப் பள்ளிக்கூடத்தில் நாலாம் கிளாஸ் படித்தபோது காலராவில் இறந்துபோனான். அப்போது பீமா அக்காவுக்கு ஆறு வயது. வீட்டில் போட்டோ எடுக்க வசதி இருந்ததில்லை, அத்தாவும் அம்மாவும் போய்விட்டார்கள், அண்ணன் முகமும் மறந்துவிட்டது. ஒன்று மட்டும் நினைவிருக்கிறதாம். ஒருநாள் சாயங்காலம் அவன் வந்து, வள்ளம் வரைந்தேன், பின்னாடி பேர் எழுதினேன் என்று சொன்னான். பழைய படங்கள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"அவன் வரைஞ்சதைப் பாத்ததும் தெரிஞ்சிடும்னு நினைச்சேன் தம்பி. மூணையும் பாத்துட்டேன். தெரியல. பின்னாடி திருப்பிக் காட்டுறீங்களா?"

இந்தத் தடவை பொய் வரவில்லை.

"பேரு இருந்துச்சு அக்கா. நான் பாத்தேன். படிக்காம பசை போட்டு ஒட்டிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. பிரிக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். நேரே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, முதலில் சோதனைக்கு ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கச் சொன்னார்.

4. உளி

மூன்றில் சிவப்புப் பாய் கட்டிய வள்ளத்தை எடுத்துக்கொண்டேன். அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஒன்றுமில்லை, கைக்கு அது வந்தது.

ஹார்ட்போர்டைப் பின்பக்கமிருந்து உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். அதற்கே இரண்டு நாள் ஆயிற்று. காகிதத்தோடு ஒட்டிய கடைசித் தோல் மட்டும் உளிக்கு மசியவில்லை. பசையை ஊறவைத்தால்தான் வரும். ஈரத்துணியை வைத்தேன். மலிவுச் சாயம், முன்பக்கம் கரைய ஆரம்பித்தது. துணியை எடுப்பதற்குள் பாயும் வள்ளமும் தண்ணீரும் கலந்து ஒரே பழுப்பாகிவிட்டன. தோலை உரித்தபோது பென்சில் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. அதைப் படித்துவிட்டுக் கடை வாசலில் போய் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் அறையில் பீமா அக்காவும் இருந்தார்; படம் அழிந்துவிட்டது என்று சொல்லி, காகிதத்தை ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தேன். பீமா அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஹெட்மாஸ்டர் வாசித்தார்: "நாராயணன். நாலாம் கிளாஸ்."

பீமா அக்கா பெருமூச்சு விட்டார். பிறகு காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பழுப்புக் கறையைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மற்ற இரண்டையும் இன்னும் ஈரம் குறைத்து, பொறுமையாகப் பிரித்துப் பார்க்கிறேன் என்று நான் சொன்னேன்.

"வேண்டாம் தம்பி. சார் வேற பேரைப் படிச்சதும் எனக்கு நிம்மதியாப் போச்சு, அழிஞ்சது காதரோடது இல்லன்னு. அதுக்கப்புறம்தான் இதைப் பாக்குறேன். இந்தப் பிள்ளைக்கும் ஒரு தங்கச்சி இருந்தா?"

ஹெட்மாஸ்டர் காகிதத்தை அவரிடமிருந்து வாங்கி என் கையில் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தைப் பசையில்லாமல், நாலு மூலையிலும் மடித்த தாளைச் செருகி, பேர் தெரியும் பக்கம் முன்னால் வரும்படி பிரேம் போட்டேன். எடுத்த இடத்திலேயே, மற்ற இரண்டு வள்ளங்களுக்குப் பக்கத்தில் மாட்டினேன். கடைசி நாள் பீமா அக்கா மறுபடி வந்தார். இரண்டு வள்ளங்களுக்கும் முன்னால் மாறி மாறி நின்றார். போகும்போது என்னிடம், "ரெண்டையும் நல்லாப் பாத்துட்டேன். எது அவனோடதோ, அதையும் பாத்துட்டேன்ல?" என்றார். ஆமாம் அக்கா என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கையில் வரும் காகிதத்தை முதலில் திருப்பிப் பாருங்கள். எழுத்து இருந்தால், என்ன அவசரமானாலும் நின்று படியுங்கள். தப்பு செய்துவிட்டால் கேட்ட அன்றைக்கே ஒத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கே ஒத்துக்கொண்டிருந்தால், பிரிப்பதற்கு முன் எந்தப் படம் யாருடையது என்று ஊரில் நாலு பேரிடமாவது விசாரித்திருப்பார்கள். நாராயணன் படமும் தப்பியிருக்கலாம். அவனைத் தேடி அந்தக் கண்காட்சிக்கு யாரும் வரவில்லை.