மண்ணெண்ணெய் வரிசையில் என் பரீட்சை

திங்கட்கிழமை எம்.ஏ. பொருளாதாரப் பரீட்சை. இன்று காலை மயிலாப்பூரில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். இடுப்பில் குழந்தை, கையில் நூலகத்துப் புத்தகம்.

குழந்தை பாலுக்கு அழுதாள். எல்லோரும் செய்வதுபோல் டின்னை வரிசையில் விட்டேன். காற்றில் சாயாமலிருக்க அதன்மேல் புத்தகத்தை வைத்தேன். ரேஷன் கார்டையும் காசையும் பின்னால் நின்ற பூக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது டின் நிரம்பியிருந்தது.

"உன் பங்கையும் நானே வாங்கிட்டேம்மா. கீழ ஒரே சேறா கீது. அதான் டின்ன பொஸ்தகத்து மேல வெச்சேன்" என்றாள்.

டின் அடியில் ஒழுகும். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஊறிய தாளில் இரண்டு பக்கத்து எழுத்துகளும் ஒன்றாகத் தெரிந்தன. ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

"ரொம்ப நன்றிங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

வீட்டில் அவர் கேட்டது ஒன்றுதான். "மண்ணெண்ணெய் கெடைச்சுதா?"

போன வருஷம் பிரசவத்தால் எழுதவில்லை. இந்த வருஷமும் அவ்வளவுதான் போலிருக்கிறது.

இதைப் படிக்கும் தோழிகளே, யாரிடமாவது பழைய பொருளாதாரப் பாட நோட்டு இருந்தால் சொல்லுங்கள். பதிலுக்குத் தர என்னிடம் அரை டின் மண்ணெண்ணெய் மிச்சமிருக்கிறது.