புளி போட்டுத் துலக்கிய நட்சத்திரம்

நேற்று ரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கையைத் தூக்கி எறிய மனமில்லாமல், வீட்டிலிருக்கும் ஒரே பித்தளை மெழுகுவர்த்தித் தண்டை எடுத்துத் தேய்த்தேன். நாலு தேய்ப்பில் பளிச்சென்றானது. அதன் அடியில் பொறித்திருந்த பெயரில் பாதி எழுத்து இல்லாததைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. ஈரப் புளியும் உலோகமும் கலந்த அந்த வாடை எனக்கு ஏற்காட்டுக் கல்லறைத் தோட்டத்துக் குழாயடியின் வாடை.

நான் பட்டியல் போடுகிறவள். ஊருக்குக் கிளம்பும்போது பையில் வைக்க வேண்டியவை, வைத்தவை, வைத்தோமா என்று சந்தேகப்படுபவை என மூன்று பட்டியல் இருக்கும். படித்தது கருவியியல். முதல் வேலை சேலத்தில், அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் தரும் சின்ன ஆய்வுக்கூடம். அங்கே ஒரு விதி உண்டு: எந்த அளவும் தனியாக வெளியே போகாது. இவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம், நூற்றுக்கு இத்தனை பங்கு நிச்சயம் என்ற குறிப்பும் கூடவே போக வேண்டும். நூறு பங்கு நிச்சயம் என்று எழுதினால் மேலாளர் சிரிப்பார்.

அந்த வருடங்களில்தான் பதக்கம் சேர்க்கும் கிறுக்குப் பிடித்தது. ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கிலுள்ள பழைய சாமான் கடையில், கதவுத் தாழ்ப்பாள்களுக்கு நடுவே கிடந்த ஒன்றில் ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போரில் நம் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் உலோகத்திலேயே பொறித்திருக்கும். சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்ட போர்க்கைதிகளின் பதக்கங்களை மட்டும் நான் தேடினேன். கைதிகளுக்கென்று தனிப் பதக்கம் கிடையாது. மற்றவர்களுக்குக் கொடுத்த அதே ஆறுமுனை நட்சத்திரம்தான். அந்த ஆள் கைதியாக இருந்தாரா என்பதைப் பொறித்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிடிபட்டோர் பட்டியல், முகாமில் இறந்தோர் பட்டியல், விடுதலையானோர் பட்டியல் என்று மற்ற சேகரிப்பாளர்கள் படமெடுத்து அனுப்புவார்கள். பட்டியல்! எனக்கு வேறென்ன வேண்டும்?

ஆரோக்கியமேரி அம்மாவை ஒரு கல்லறைத் திருநாளில்தான் பார்த்தேன். பனியில் மெழுகுவர்த்திகள் நிற்க மாட்டாமல் அணைந்துகொண்டிருந்தன. எங்கள் குடும்பக் கல்லறைக்குப் பக்கத்துக் குழாயடியில், எண்பதை நெருங்கும் ஒரு அம்மா உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டு எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். கழுவி எடுத்தபோது நட்சத்திரம். பதக்கத்தின் பழைய பட்டு நாடா போய்விட்டதால், மாதா தேருக்குக் கட்டும் நீல ரிப்பனைக் கோத்திருந்தார். அதைத் தன் அம்மாவின் கல்லறை மேல் வைத்துச் சாமந்தி போட்டார். உடல் வராத அப்பாவுக்கு அதுதான் கல்லறை. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்வரை அங்கே இருக்கும், அப்புறம் பக்கத்து ஊரான வெள்ளக்கடையில் அவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். அறுபது வருடத்துக்கு மேலாக இந்தத் துலக்கல் உண்டாம்; முன்பு அம்மா செய்ததை இப்போது இவர் செய்கிறாராம்.

"ஏங்கண்ணு, நீ சேலத்துல எடை போடற வேலைக்குப் போறயாமா?" என்றார்.

"எடை இல்லீங்மா. அளவு சரியா இருக்குதான்னு பாக்கற வேலைங்க."

"அப்ப எங்கப்பாவக் கொஞ்சம் அளந்து சொல்லு. எங்க பொதைச்சாங்கன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். கோயில்ல அவருக்குப் பூசைக்குக் கொடுக்கையில பொதைச்ச ஊர் பேரு கேக்கறாங்க. 'தெரியாது'ன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா சவரிமுத்து பட்டாளத்துக்குப் போனவர். 'காணவில்லை' என்று ஒரு தாள் வந்தது. போர் முடிந்து சில வருடம் கழித்துத் தபாலில் நட்சத்திரம் வந்தது. மெடல் வந்தால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம் என்று அவருடைய அம்மா தாலியைக் கழற்றிவிட்டார்.

நட்சத்திரத்தின் பின்பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டேன். அறுபது வருடப் புளி அதை ஏறக்குறைய மழுமழுவென்று ஆக்கியிருந்தது. பெயர் நிழல் மாதிரி தெரிந்தது. எண்ணில் ஒன்றே ஒன்று தகராறு. கடைசி இலக்கம் எட்டா, மூன்றா? கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டு.

எட்டில் முடியும் அந்த எண் விடுதலையானோர் பட்டியலில் இருந்தது. அதே பெயர், அதே படைப்பிரிவு. உயிரோடு மீட்கப்பட்டு, கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கியவர். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். இதை இப்போது எழுதவே கூசுகிறது. விடை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான் அது. யாருடைய விடை என்று யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குப்பனூர் மலைப்பாதை வழியாக ஸ்கூட்டரில் அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் வாசலில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டும் மிளகைக் கிளறும் கை நிற்கவில்லை.

"வந்துட்டாரா?"

"மெட்ராஸ் வரைக்கும் வந்திருக்காருங்மா. பட்டியல்ல இருக்குதுங்க."

"மெட்ராசுல இருந்து இந்த ஊட்டுக்கு எவ்வளவு தூரம் சாமி?"

நான் கிலோமீட்டர் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பிறகுதான் அது கேள்வி இல்லை என்று புரிந்தது.

உள்ளே போய் நட்சத்திரத்தை எடுத்துவந்து என் மடியில் போட்டார். "எடுத்துட்டுப் போ. எங்கம்மா காலத்துக்கும் வெள்ளைச் சீலையோட கெடந்தா. அந்த மனுசன் எந்தூட்டுல சோறு தின்னாரோ, அவுங்களுக்குத்தான் இது." வேண்டாமென்றேன். ரொம்ப நேரம் வேண்டாமென்றேனா என்று கேட்டால், இல்லை. என் பதக்கப் பட்டியலில் அது இருபதாவது வரி.

அடுத்த இரண்டு கல்லறைத் திருநாளிலும் அவருடைய அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி மட்டும் இருந்தது. "அந்தாளு பேரை இங்க எடுக்காத" என்று தன் மகனிடம் அவர் சீறியதும் என் காதில் விழுந்தது.

அதற்கப்புறம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு புது நுண்ணோக்கி வந்தது. பக்கவாட்டில் ஒளி பாய்ச்சலாம். பொறித்த எழுத்து மேலே தேய்ந்தாலும், அச்சு அழுத்திய தடம் உலோகத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். வேலை முடிந்ததும் விளையாட்டாக இருபதாவது நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தேன். கடைசி இலக்கத்தின் இடது பக்கம் திறந்திருந்தது. எட்டு என்று மூடிக் காட்டியது ஒரு கீறல், சாம்பலில் கிடந்த ஏதோ மணல் போட்ட கீறல். அது மூன்று. மூன்றில் முடியும் எண், அதே பெயரோடு, இறந்தோர் பட்டியலில் இருந்தது. நியூகினிப் பக்கம் ஒரு தீவு முகாம், காய்ச்சல். வேறொரு சவரிமுத்து மெட்ராசில் இறங்கித் தன் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஏழு வரி எழுதி வைத்துக்கொண்டு மலையேறினேன். முதல் வரி மன்னிப்பு. அதைத் தாண்டவில்லை, அழுதுவிட்டேன். மீதியை எப்படியோ சொல்லி முடித்தேன்.

"அந்த மனுசன ரெண்டு வருசமா நொம்பப் பேசிப்போட்டனே" என்றார். பிறகு, "திட்டறதுக்காவது ஒரு அப்பன் இருந்தாரு. அதுக்கு முன்னால அதுகூட இல்ல. எங்கயோ ஒரு ஊட்டுல உக்காந்து சோறு திங்கறாருன்னு நெனச்சுத்தான் திட்டுவேன். அவரு மூஞ்சிகூட எனக்குத் தெரிஞ்சுது கண்ணு."

"மன்னிச்சுக்குங்மா."

"இப்பச் சொல்றதாவது நெசந்தானா?"

இந்த முறை சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பங்கு நெசங்மா."

முதல்முறையாக அவர் முகம் மாறியது. "மீதி அஞ்சு?"

"அது சொல்ல முடியாதுங்க."

"சொல்லாத. அந்த அஞ்ச எனக்கு உட்டுரு."

நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டார். தீவின் பெயரை ஒரு தாளில் எழுதித் தந்தேன். பூசைக்குக் கொடுத்தாரா, தெரியாது. அந்த நவம்பரில் நட்சத்திரம் மறுபடி கல்லறைக்கு வந்தது, துலக்காமல், கருத்துப்போய். "புளி இல்லீங்களா?" என்று வேறு யாரோ கேட்டார்கள். "போதும், தேச்சது" என்றார், என்னைப் பார்க்காமல்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். நட்சத்திரத்தைக் கையில் கொடுத்தே பெட்டியை மூடினார்கள் என்று மகன் சொன்னார். அதே கல்லறைதான், அம்மாவுக்கு மேலே. என் இருபதாவது வரியில் எண்ணுக்கான கட்டத்தில் மூன்று என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இனி யாரும் சரிபார்க்க முடியாது.

போன வருடம் போனபோது கல்லறைகளில் பாதிக்குக் கிரானைட் போட்டிருந்தார்கள். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் போதுமாம். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் சாம்பல் இல்லை, புளிச்சக்கை இல்லை. மெழுகின் வாடை மட்டும்தான் இருந்தது.