முடியாது என்று சொல்லாத கடை

கம்பத்தில் நசீம் அக்காவின் லேப்டாப் சர்வீஸ் கடையின் வெள்ளைப் பலகையில், 'இங்கு முடியாது என்று சொல்வதில்லை' எனப் பச்சையில் எழுதியிருக்கும். பத்தொன்பது வருஷமாக அது பொய்த்ததில்லை. தண்ணீர்த் தொட்டியில் விழுந்த லேப்டாப்புக்குக்கூட, "ஆறு மாசம் ஆகும்" என்றுதான் சொன்னார்.

எதிரே அதே தொழில் செய்யும் வினோத்ராஜுக்கு அந்தப் பலகை கண்ணில் விழுந்த தூசி. அக்கா 'முடியாது' என்று சொல்லும் அன்றைக்கே அதை அழிப்பதாகச் சபதம் போட்டு, வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் வாங்கி வாசலில் வைத்திருந்தான்.

அன்று அந்த டப்பாவுக்கு வேலை வந்துவிடும்போல இருந்தது. கோம்பையிலிருந்து வந்திருந்த ஏசுதாசனின் லேப்டாப்பில் வைஃபை கார்டு செத்திருந்தது. "போர்டையே மாத்தணும்" என்று வினோத்ராஜ் கைவிட்ட கேஸ். அதே கார்டு இப்போது எங்கும் வருவதில்லை. நசீம் வேறு கார்டைப் பொருத்தினார். கறுப்புத் திரையில், 'அனுமதி இல்லாத கார்டு, கழற்று' என்று ஆங்கிலத்தில் உறுமிவிட்டு லேப்டாப் நின்றுகொண்டது. மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் அதே உறுமல்.

ஏசுதாசனின் காலடியில் கிடந்த செவலை நாயும் வருவோர் போவோரைப் பார்த்து அதே சுருதியில் உறுமியது.

"என்னக்கா, டப்பாவைத் தெறக்கவா?" எதிரிலிருந்து குரல்.

"தெறந்தா காஞ்சு போகும்டா. மூடியே வையி."

"வெளிய குத்துற வைஃபை டாங்கிள் ஒண்ணு குடுத்துரு ஆத்தா, போதும்" என்றார் ஏசுதாசன்.

"மூக்குல குழாயைச் சொருகி வீட்டுக்கு அனுப்பச் சொல்றீகளா அண்ணே? கடைக்குக் கேவலம்." நாயைப் பார்த்தார். "விருந்தாளி வந்தா இது எப்படி உள்ள விடும்?"

"என் துண்டை அவுக தோள்ல போட்டுக் கூட்டிப் போவேன். வாசம் புடிச்சுட்டு வாலை ஆட்டும்."

நசீம் முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தார். லேப்டாப் மோந்து பார்ப்பது கார்டின் அடையாள எண்ணைத்தான். பழைய கார்டில் சிக்னல்தான் செத்திருந்தது, அடையாள எண் உயிரோடிருந்தது. எதையும் சோதிக்காத ஒரு அப்பாவிப் பழைய லேப்டாப்பில் வைத்து அந்த எண்ணைப் படித்து, புதிய கார்டுக்குள் எழுதினார். ஏசுதாசனின் துண்டைப் போர்த்திய விருந்தாளியாகக் கார்டு உள்ளே போனது.

லேப்டாப் உறுமவில்லை. வைஃபைப் பட்டியல் வந்தது. உச்சியில் எதிர்க்கடையின் பெயர்.

"நம்ம நெட்டுலயே பார்த்துக்கலாம் அண்ணே. ஆனா சாட்சி வேணும்ல? வினோத்கிட்ட பாஸ்வேர்டு கேட்டு வாங்க. நாயையும் கூட்டிட்டுப் போங்க."

பாஸ்வேர்டு சீக்கிரமே கிடைத்தது. பின்னாலேயே வினோத்ராஜும் வந்து, திரையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அந்தப் பெயிண்டைக் கொண்டாடா" என்றார் நசீம். "பலகையில எழுத்தைச் சுத்தி அழுக்காயிருக்கு. பச்சை மேல படாமப் பூசு."