ஒவ்வொரு குழிக்கும் ஓர் ஆள்

ஓடைப்பட்டிப் பக்கத்துக் கல்குவாரிக்குக் கம்ப்ரஸர் ஓட்டப் போன முதல் நாள், வெளியாள் என்று யாரும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். கல்லுடைக்கும் குடும்பங்கள் சேர்ந்து சங்கம் வைத்து, சர்க்கார் உதவியில் அந்த மெஷினை வாங்கியிருந்தார்கள். அவர்களில் வீரணன் ஒருவர்தான் அதைத் தட்டிக்கொடுத்து, "ஏலே, எங்க தோள்பட்டைய காப்பாத்த வந்த சாமிடா இது" என்றார்.

அதுவரை உளியும் சம்மட்டியும்தான். பாறையில் குழி என்கிற துளையைப் போட்டவனே வெடிமருந்து கெட்டிப்பான், அவனே திரியைப் பற்றவைப்பான். தன் குழி வெடித்த சத்தம் காதில் விழுந்த பிறகே வீட்டுக்குக் கிளம்புவான். யாரும் வகுத்த சட்டமல்ல, அப்படியே பழக்கம்.

கம்ப்ரஸர் காற்றில் பாறையைத் துளைக்கும் ஜாக்ஹாமர் வந்ததும் எல்லாத் துளையும் என் வேலையாயிற்று. மருந்துக்கு ஒருவர், திரிக்கு ஒருவர் என்று மேஸ்திரி பிரித்துவிட்டார். வேலை மளமளவென்று நடந்தது.

ஒரு சாயங்காலம் ஒரு குழி வெடிக்கவில்லை. குழி பொதுவாகிவிட்டதால் அதைக் கவனிக்க ஒருவரும் இல்லை. மறுநாள் காலை கல்லைப் புரட்ட வீரணன் கடப்பாரையை இறக்கினார். அது மருந்தில் இடித்து வெடித்தது. அவரைப் பிணமாகத்தான் தூக்கிவந்தோம்.

காரியம் முடிந்ததும் அவர் மனைவி பேச்சி குவாரிக்கு வந்தாள்.

"மெஷினே வேணாம் தாயி, திருப்பி அனுப்பிருவோம்" என்றார் மேஸ்திரி.

"எதுக்கு அனுப்பணும்? இது வந்த பெறகுதான் அவுக தோள்வலியில அனத்தாம தூங்குனாக. தான் போட்ட குழி வெடிக்காம ஒருநாளும் வீட்டுக்கு வந்தவுக இல்ல அவுக. இது யாரு குழி? அதச் சொல்லுங்க."

மேஸ்திரி துளை போட்ட என்னைப் பார்த்தார்; நான் மருந்து கெட்டித்தவரைப் பார்த்தேன்; அவர் திரி வைத்தவரைப் பார்த்தார்.

அதன்பிறகு, மெஷின் துளைத்தாலும் குழிக்கு ஓர் ஆள் என்று சங்கத்தில் முடிவானது. ஒவ்வொன்றாக வெடிக்கவிட்டு, தன் குழி வெடித்ததை அவனவன் உரக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, குழி வெடித்ததா என்று கேட்கும் வேலையைப் பேச்சி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சில மாதம் கழித்து ஒருவன், "ஏங்குழி வெடிக்கல" என்றான். அந்தப் பக்கம் யாரையும் விடாமல் வேலியடைத்தோம். மறுநாள் தண்ணீர் ஊற்றி மருந்தை நனைத்துக் கழித்தோம். திரி பாதியில் அணைந்திருந்தது.

மெஷின் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: குழிக்கு ஆள் நிற்காமல் ஸ்டார்ட் பண்ணாதே.

அந்த வெடிக்காத குழியைக் கழித்த அன்று எல்லோரும் பிழைத்தோம் என்று சந்தோஷப்பட்டோம். பேச்சி மட்டும் அந்தக் குழியருகே உட்கார்ந்து அழுதாள்.

"இம்புட்டுத்தானா... அன்னைக்கும் இம்புட்டுச் செஞ்சிருந்தாப் போதுமாய்யா?"