பெஞ்சில் இரண்டாம் ஆள்

சென்னைக் காபிக் கடை மேடை ஒன்றில் என் பத்து நிமிட நகைச்சுவைக்கு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் நண்பன் ஒரு வீடியோ அனுப்பினான். மணப்பாட்டுத் திருவிழா மேடை. பெஞ்சில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரண்டு பேர். ஒருவர் தன் கூடையை மெல்ல மெல்ல மற்றவர் மடிக்கு நகர்த்துகிறார். அவ்வளவுதான், ஊரே உருண்டு சிரிக்கிறது. இவரைப் பார்த்தே தீர வேண்டும் என்று அப்போதே தோன்றியது. அடுத்த திருவிழாவுக்கு ரயிலேறிவிட்டேன்.

காலை எட்டு மணி, தூத்துக்குடி. அறுநூற்றைம்பது கிலோமீட்டரும் கதவோரம் நின்றே வந்திருந்தேன். துறைமுகச் சாலை டீக்கடையில், வீடியோவில் கூடையை நகர்த்திய சூசை அண்ணன் காத்திருந்தார். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். இரவு வேலை முடித்த கண்கள். டீ பதினைந்து ரூபாய்.

"எப்படிண்ணே சிரிக்க வைக்கிறீங்க?"

"போ தம்பி. கூட நடிச்ச கஸ்பாருக்குக் கப்பல்ல வேலை வந்துட்டு, போயிட்டான். ஒத்தையில பெஞ்சுல இருந்தா எவன் சிரிப்பான்? இன்னைக்குச் சொதப்புனா அடுத்த வருஷம் ஒன் நேரத்த டான்ஸுக்குக் குடுத்துருவோம்னு கமிட்டிக்காரனுவ சொல்லுதானுவ."

திருச்செந்தூர் வரை நாற்பது கிலோமீட்டர். பஸ் மாறி மணப்பாடு இன்னும் பதினெட்டு. உப்பளம் முடிந்து பனங்காடு வந்தது. நான் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னல் கம்பியில் தலை முட்டத் தூங்கிக்கொண்டே வந்தார். குலசேகரன்பட்டினத்தில் ஒரு கண்ணைத் திறந்தார்.

"தம்பி, மேடையில இருப்பியா?"

"எனக்குச் சிரிக்க வைக்க வராதுண்ணே."

"அது மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நீ சும்மா இரு. சிரிச்சிராத. மேடைக்குப் பின்னால பஸ்ஸு வந்தாப்புல ஹாரன் அடிச்சா ரெண்டு பேரும் எந்திச்சு ஓடணும், அம்புட்டுதான்."

மாலை ஏழு மணிக்குப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கூடை மடிக்கு வந்தது. கூட்டத்தில் சலனமே இல்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி, "ஏளா, கஸ்பாரு இல்லாம இது தேறாது" என்றது தெளிவாகக் கேட்டது. கூடை இதமாகக் கனத்தது. கடற்காற்று வேறு.

பெரும் சிரிப்புச் சத்தத்தில் விழித்தேன். என் தலை சூசை அண்ணன் தோளில் கிடந்தது. அவர் மூச்சுவிடவும் பயந்தவர்போல நிமிர்ந்திருந்து, கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே செஞ்சீங்க?" என்று இறங்கியதும் கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல. ஹாரன் அடிச்சானுவ. எந்திச்சா நீ விழுந்துருவ. மூணு பஸ்ஸ விட்டுட்டேன்."

கமிட்டிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்தபடி வந்தார். "ஏலே சூசை, அடுத்த வருஷமும் ஒனக்குத்தாம்லே. இந்தத் தூங்குமூஞ்சியையும் கூட்டிட்டு வா."

ஊரே பார்த்ததை நான் மட்டும் பார்க்கவில்லை. திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, தூக்கம்தான் வரவில்லை.

சனிக்கிழமை அதே காபிக் கடையில் மறுபடி பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். எழுதிவைத்த நகைச்சுவை எதுவும் கொண்டுபோகப் போவதில்லை. வேலைவிட்டு அசந்து வரும் என் அறைத்தோழனை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துப் பக்கத்தில் நானும் உட்காருவேன். அவன் தூங்கினால் எழுப்ப மாட்டேன்.