மூன்று சிவப்புக் கொடிகள்

போன வாரம் கல்முனைப் பிரதான வீதியில் ஒரு பதாகை தொங்கியது. ‘பிரித்தானியாவில் கொடி நாட்டிய எம் மண்ணின் புதல்விக்குப் பெருவரவேற்பு.’ வரவேற்புக் குழுவின் தலைவர், செயலாளர், ஆலோசகர்கள் எனப் பதினொரு முகங்கள் பூசணிக்காய் அளவில். புதல்வியின் முகம் முத்திரை அளவில். பக்கத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரி ஈட்டி எறிந்துகொண்டிருந்தாள். பாயிஸா ஈட்டியைத் தொட்டவளே அல்ல. அவள் குண்டு போடுவாள், பரிதிவட்டம் என்ற தட்டை வீசுவாள். பதினோராவது முகம் என்னுடையது. கீழே ‘முதல் பயிற்றுநர்’ என்று போட்டிருந்தார்கள்.

பதாகைக்குக் கீழே மதிலுக்கு அடிக்கச் சுண்ணாம்பு கரைத்துவைத்திருந்தார்கள். அந்த வாசனை ஏறியதும் எனக்கு முதல் நியமனம் கிடைத்த பாடசாலையின் மைதானம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. நான் கணக்கு வாத்தியார். எறிதல் போட்டிகளை என் தலையில் கட்டிய பாடசாலை அதிபர் சொன்ன நியாயம் இதுதான்: “வட்டத்தையும் கோணத்தையும் நீங்கதானே சேர் படிப்பிக்கிற?”

பாயிஸாவுக்கு நான் படிப்பித்தது ஒன்றுமில்லை. மரக்கடைக்காரரின் மகள். பலகை தூக்கித் தூக்கி உரமேறிய தோள். பழைய பத்திரிகையில் வந்த ஒரு படத்தைப் பார்த்துத் தானாகவே சுழலப் பழகினாள். நான் அளவுநாடா பிடித்தேன், அதுவும் நிழலில் நின்று.

வலயப் போட்டியன்று காலையில் குண்டு போடுதலில் அவளுக்கு மூன்றாமிடம். முதல் இரண்டு பேர்தான் மாகாணத்துக்குப் போகலாம். மிஞ்சியது பரிதிவட்டம். அவளுடைய வாப்பா கடையைப் பூட்டிவிட்டுத் தேநீர்ப் போத்தலோடு வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்திருந்தார். நான்தான் வட்டத்து நடுவர்.

போட்டி தொடங்குமுன் அதிபர் என் காதருகே வந்தார். “இந்தப் புள்ள வெண்டா மாகாணம், புறகு கொழும்பு எண்டு போகணும் சேர். ஊருல ஆரும் கதைச்சா ஆர் பதில் சொல்ற? வட்டத்துல புள்ளட காலக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க.”

ஊரில் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை. சொல்லிவிடுவார்களோ என்று அதிபருக்குப் பயம். அதிபர் கோபித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அவள் முதல் தடவை வீசியது தூரம் குறிக்க நட்டிருந்த முளைகளையெல்லாம் தாண்டிப் போய் விழுந்தது. கால் வெளியே, வீச்சு செல்லாது என்று நான் சிவப்புக் கொடியைத் தூக்கினேன். இரண்டாம் தடவையும் தூக்கினேன். மூன்றாம் தடவை அவள் வீசிவிட்டு, பரிதிவட்டம் போன திசையைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள்.

“என்ட கால் வட்டத்துக்குள்ளதான் சேர் இருந்திச்சு.”

“நடுவரின் தீர்ப்பே இறுதியானது” என்றேன். அதுவரை வாயில் வராத செந்தமிழ் அன்றைக்கு நன்றாக வந்தது.

வாப்பா சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் போத்தலை மூடிக்கொண்டு, “வா மகள், போவம்” என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவள் கலியாணம் முடித்து இங்கிலாந்துக்குப் போனாள். மகனை விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போன இடத்தில், பெண்கள் பரிதிவட்டம் வீசுவதைக் கண்டு, நானும் ஒருக்கா வீசவா என்று கேட்டாளாம். முக்காட்டோடும் முழுக் காற்சட்டையோடும் மழையிலும் குளிரிலும் வீசினாள். முதலில் உள்ளூர்க் கழகம், பிறகு மாவட்டம். தோள்மூட்டு விலகி ஒரு வருடம் படுத்து எழும்பினாள். நாற்பது தாண்டி, மூத்தோர் போட்டியில் பிரித்தானியச் சட்டை போட்டு நின்றாள். குண்டில் சுமார்தான். பரிதிவட்டத்தில் பதக்கங்கள். மரக்கடையில் அவளுக்கு மூத்தவரான நானா இதையெல்லாம் சொல்லும்போது நான் பலகையின் தடிப்பை விசாரிப்பேன்.

வரவேற்பு மேடையில், ஓய்வுபெற்றுவிட்ட அந்த அதிபர் தாம் அவளை வளர்த்த விதத்தை முக்கால் மணிநேரம் விளக்கினார். இடையில் இரண்டு தரம் கண்ணையும் துடைத்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கடைசியில் பாயிஸா ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“கால எங்க வெக்கணும் எண்டு எனக்குப் படிப்பிச்சுத் தந்தது இந்தக் கணக்கு சேர்தான்.”

சபை கைதட்டியது. அதிபரும் தட்டினார். பொன்னாடைக்குள் எனக்கு வியர்த்தது.

கூட்டம் கலைந்த பிறகு அவளிடம் போனேன். “மகள், அண்டைக்கு உங்கட கால் உள்ளுக்குத்தான் இருந்த. மூணு தரமும்.”

“தெரியும் சேர். அத நீங்க மைக்குல செல்லியிரிக்கலாம்.”

பொன்னாடையைக் கழற்றி நாலாக மடித்தேன்.

தன் பழைய பாடசாலையின் பிள்ளைகளுக்கென்று அவள் இரண்டு பரிதிவட்டங்கள் கொண்டுவந்திருந்தாள். வீசிக் காட்ட ஆசைப்பட்டாள். மைதானத்தில் பாதியை மாடிக்கட்டடம் தின்றுவிட்டது. மீதியில் ஆசிரியர்களின் கார்கள் நிற்கின்றன. பெண்பிள்ளைகளுக்கான எறிதல் போட்டிகளை எப்போது நிறுத்தினார்கள், யார் நிறுத்தினார்கள் என்று அவள் கேட்டாள். ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஆட்சேபித்தவர் என்று ஒரு பெயரையும் எவராலும் சொல்ல முடியவில்லை.

அவள் கொண்டுவந்த இரண்டும் இப்போது பாடசாலைக் காரியாலயத்தில் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கின்றன, அன்பளிப்பு என்று சீட்டு ஒட்டி. நேற்றுப் போய்ப் பார்த்தேன். அலுமாரி பூட்டிக் கிடந்தது.